முதுமையில் கையெழுத்து

வெளியூரில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள பெரியவர்களின் முகம் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோதான் காணக் கிடைக்கிறது. அவர்களுடைய கையெழுத்தோ, ஒரு காலத்தில், மாதந்தோறும் நம் வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்தது. தபால்காரர் நீட்டிய உறையைப் பிரிப்பதற்கு முன்பே, மேல்விலாசத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இது மாமா எழுதியது", "இது பெரியம்மா எழுதியது" என்று சொல்லிவிடுவோம். இன்று டெலிபோனில் குரல் வருகிறது, எழுத்து வருவதில்லை. ஆயினும் கையெழுத்து அடியோடு மறைந்துவிடவில்லை. பாங்கியின் காசோலையிலும், பென்ஷன் படிவத்திலும், தேங்காய்க் கணக்கு நோட்டிலும், வேதப் புத்தகத்தின் முதல் ஏட்டில் எழுதிவைத்த பிறந்தநாள் குறிப்பிலும் அது இன்னும் இருக்கிறது. பெட்டியின் அடியில் பழைய கடிதக் கட்டு ஒன்று வைத்திருப்போர் நம்மில் பலர்.

என்னிடமும் அத்தகைய கட்டு ஒன்று உண்டு. என் தாய்மாமன் 1962ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை எனக்கு எழுதிய கடிதங்கள் அவை. நான் மருத்துவன் அல்லன். பம்பாய் மாதுங்காவில் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆனால், அந்தக் கடிதங்களில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்த நான், எழுத்தைப் படிக்கத் தவறினேன். அந்தத் தவற்றின் காரணமாகக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் வீணாயின. நேயர்களில் எவரேனும் அதே தவற்றைச் செய்துகொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணத்தில்தான் இதைச் சொல்ல முன்வந்தேன்.

மாமாவின் ஊர் பாறசாலைக்கு அருகில் ஒரு சிற்றூர். வடக்கே போனால் நெய்யாற்றின்கரை. தெற்கே சிறிது தூரம் நடந்தால் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுக்காவோ கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலம், பாறசாலை வேறு மாநிலம் என்றாயிற்று. எல்லை போட்டவர்கள் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே குடும்பத்தின் மரச்சீனித் தோட்டம் கிடந்தது.

ஆகவே, அவ்வட்டாரத்து முதியோர் பலரிடம் இரண்டு கையெழுத்துக்களைக் காணலாம். சொந்தக்காரருக்கு எழுதுவது தமிழ். கச்சேரிக்கும் பாங்குக்கும் எழுதுவது மலையாளம். மாமா அவ்வாறுதான். இளமையில் அவர் பாலராமபுரத்தில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பாலராமபுரம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா மகாராஜாவின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சாலியர் குடியேறி நெசவு செய்த ஊர். அங்கே பற்றுவரவு தமிழிலும் நடக்கும், மலையாளத்திலும் நடக்கும். மாமாவுக்குத் தம் கையெழுத்தில் சற்றுக் கர்வம் இருந்தது என்றே சொல்லவேண்டும். அவர் எழுதிய பேரேட்டைப் பார்த்தால், நெய்து விரித்த துணி போல வரிகள் நேராக இருக்கும். நீலநிற இன்லண்டுக் கடிதத்தில் மடிக்கும் ஓரம் வரை எழுதுவார். "காசு கொடுத்து வாங்கின காகிதத்தில் வெறும் இடம் விடுவது கணக்குப்பிள்ளைக்கு அழகல்ல" என்பது அவர் வாதம்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கட்டைப் பிரித்து என் பேத்திக்குக் காட்டினேன். அவள் மும்பையில் பிறந்தவள். புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவள். 1965ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த ஓர் எழுத்தில் மட்டும் அவருக்குக் கை நடுங்கியிருக்கிறதே!" என்றாள். அவள் சுட்டிக்காட்டியது 'லை' என்னும் எழுத்து. தும்பிக்கையைத் தலைக்குமேல் தூக்கிய யானையைப் போல, லகரத்தின் உச்சியில் வளைந்த கொம்போடு மாமா அதை எழுதியிருந்தார். நாங்களெல்லாரும் அப்படித்தான் எழுதினோம். ணை, லை, ளை, னை என்னும் நான்குக்கும் அந்தத் தும்பிக்கை உண்டு. ணா, றா, னா என்பவற்றுக்குக் காலைத் தனியே நிறுத்தாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழிப்போம். பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே தம் 'குடி அரசு' ஏட்டில் கைக்கொண்ட சீர்திருத்தத்தை, 1978ஆம் ஆண்டு அக்டோபரில் எம். ஜி. ஆர். அரசு ஆணையாக வெளியிட்டது. அதன் பின்னரே இன்று நாம் பாடநூல்களில் காணும் வடிவங்கள் நிலைபெற்றன. மலையாளத்திலும் 1971ஆம் ஆண்டில் இதுபோன்றதொரு சீர்திருத்தம் வந்தது. கூட்டெழுத்துக்கள் பலவற்றைப் பிரித்து, உகரக் குறிகளைத் தனியே நிறுத்தினார்கள்.

எல்லைப்புறத்துக் கிழவர் ஒருவர் ஆறாம் வயதில் கற்ற எழுத்து, அவருடைய எழுபதாம் வயதில் இரண்டு மொழிகளிலும் பழைய எழுத்தாகிவிட்டது. ஒரு முதியவரின் கையெழுத்தை இளையவர் பார்த்து "விசித்திரமாக இருக்கிறது" என்று சொன்னால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அந்த விசித்திரம் வயதால் வந்ததா, பள்ளிக்கூடத்தால் வந்ததா? பள்ளிக்கூடம் கொடுத்த வடிவம் எல்லாக் கடிதங்களிலும் ஒரே மாதிரி இருக்கும். வயது கொடுத்த வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். என் பேத்தி கண்டது முன்னது. நான் காணத் தவறியது பின்னது.

இனி, வயது என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

எழுதுவது எளிய வேலை என்று நாம் நினைக்கிறோம். 'அம்மா' என்று எழுதும்போது, விரல்களின் சிறு தசைகள், மணிக்கட்டு, முன்கை ஆகிய மூன்றும் ஒருங்கே வேலை செய்கின்றன. கண் வரியைப் பிடித்துக்கொள்கிறது. மூளை அடுத்த எழுத்தைத் தயாராக வைத்திருக்கிறது. குழந்தை எழுதும்போது ஒவ்வொரு வளைவையும் எண்ணி எண்ணி எழுதுகிறது. வளர்ந்தவர் எண்ணுவதில்லை, பழக்கமே கையை இழுத்துச் செல்கிறது. முதுமையில் இந்த ஓட்டம் மெல்லக் குறைகிறது. வேகம் தணிகிறது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே பேனா காகிதத்தைத் தொடாமல் காற்றில் நிற்கும் நேரம் கூடுகிறது. ஒரே இழுப்பில் வந்த ழகரம் இரண்டு மூன்று இழுப்புக்களாக உடைகிறது. அழுத்தம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் போகிறது. கண்ணில் புரை விழுந்திருந்தால் வரி சாய்கிறது. விரல் மூட்டில் வாதம் இருந்தால் சுழிகள் கோணலாகின்றன. நம்முடைய எழுத்துக்களில் சுழிக்குப் பஞ்சமில்லை. ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு சுழி. மலையாள எழுத்தோ உருண்டையிலேயே பிறந்தது. நேர்கோட்டில் மறைந்துவிடக்கூடிய சிறு தடுமாற்றமும் சுழியில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

இவையெல்லாம் இயற்கை. தலை நரைப்பதைப் போன்றவை. இவற்றுக்காக யாரும் கலங்கவேண்டியதில்லை. நானும் எண்பதைக் கடந்தவன். இந்தப் பேச்சின் குறிப்புக்களை எழுதியபோது 'ண'வில் மூன்றாவது சுழி எங்கேயோ போய்விட்டது. பேத்தி அதைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

நடுக்கம் என்பது வேறு. அதிலும் இரண்டு வகை உண்டென்பதை நான் மிகத் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன். ஒரு வகை, கை சும்மா இருக்கும்போது தோன்றாது. பேனாவை எடுத்தால், காப்பித் தம்ளரைத் தூக்கினால் தோன்றும். தந்தைக்கு இருந்து மகனுக்கும் வருவதுண்டு. இவர்களுடைய எழுத்து பெரும்பாலும் பெரிதாகவும் அலையலையாகவும் இருக்கும். நீரில் நிழல் ஆடுவதுபோல ஒவ்வொரு கோடும் ஆடும். பார்ப்பதற்கு அச்சமாக இருந்தாலும் இது ஆளைக் கொல்லும் நோயன்று. தேவையானால் மருந்தும் உண்டு.

மற்றொரு வகை நடுக்குவாதம். 1817ஆம் ஆண்டில் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டவர்கள் ஆறே பேர். அவர்களில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள்கூட அல்லர். தெருவில் போகும்போது கண்டவர்கள். எழுதுவது போன்ற நுண்ணிய வேலைகளில் கை மனத்தின் ஏவலுக்குச் சரியாகக் கீழ்ப்படியாமல் போவதை அவர் அன்றே குறித்துவைத்தார். இந்த நோயில் கை சும்மா மடியில் கிடக்கும்போதே ஆடும். சிலருக்கு ஆடாமலும் இருக்கும். ஆனால் எழுத்து சுருங்கும். அதுதான் இதன் தனி அடையாளம். வரியின் தொடக்கத்தில் ஓரளவு சரியாக இருக்கும் எழுத்து, போகப் போகச் சிறுத்து, வரியின் முடிவில் எறும்பு வரிசைபோல் ஆகிவிடும். எழுதுகிறவருக்கு அது தெரிவதில்லை. அவர் மனத்தில் தாம் எப்போதும்போல் எழுதுவதாகவே எண்ணம். மூளையின் ஆழத்தில் டோப்பமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கும் அணுக்கள் குறைந்துபோவதால், அசைவின் அளவை நிர்ணயிக்கும் சக்தி தளர்ந்துவிடுகிறது என்பது மருத்துவர் கூறும் காரணம்.

இப்பொழுது மாமாவின் கட்டுக்கு வருவோம்.

1985ஆம் ஆண்டு வரை எழுத்தில் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. 1986ஆம் ஆண்டில் ஓர் இன்லண்டு வந்தது. முன்னெல்லாம் அதில் இருபத்திரண்டு வரி எழுதுவார். இதில் முப்பது வரிக்குமேல் இருந்தன. எழுத்துக்கள் நெருக்கமாக இருந்தன. "மாமாவுக்கு வயதாக ஆகச் சிக்கனம் கூடுகிறது" என்று நான் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது. மறு ஆண்டு எழுத்து இன்னும் சிறுத்தது. கடிதமும் குறுகிற்று. பாதிக்குமேல் வெறுங்காகிதம். வெறும் இடம் விடாத மனிதர் பாதிக் காகிதத்தை வெறுமையாக விட்டிருக்கிறார் என்பதைக் கண்ட நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நான் வராததால் கோபம் என்று நினைத்தேன். அந்தக் கோபத்துக்குப் பதிலாக நானும் சுருக்கமாக எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கமும் இப்படியே மூன்று ஆண்டுகள் கழிந்தன. "சுகம். சுகத்துக்கு எழுது" என்று முடியும் கடிதங்கள். கடைசி வார்த்தையைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

1989ஆம் ஆண்டில் ஒரு சாவுக்காக ஊருக்குப் போனேன். மாமா திண்ணையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. முகத்தில் சிரிப்பு இல்லை. கோபந்தான் என்று நான் உறுதி செய்துகொண்டேன். மடியில் கிடந்த வலக்கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும், பணத்தை எண்ணுவதுபோல, ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. மாமி என்னை உள்ளே அழைத்து, "மருமகனே, உன் மாமாவுக்கு ஒரு தேக்கமாயிட்டு. சட்டைப் பித்தான் போட ஒரு நாழிகை ஆகுது. ஊர் டாக்டரிட்டக் காட்டினோம், வயசுன்னு சொல்லி அனுப்பிட்டார்" என்றாள். அன்று மாலையே பெட்டியிலிருந்த கணக்கு நோட்டுக்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுத் தேங்காய்க் கணக்கு. முதல் நோட்டில் எழுத்து நெல்மணிபோல் இருந்தது. கடைசி நோட்டில் கடுகுபோல் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அந்த நோட்டுக்களையும் எடுத்துச் சென்றேன். மருத்துவர் மாமாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். சுருள்வட்டம் ஒன்று வரையச் சொன்னார். பின்னர் நோட்டுக்களை வாங்கி ஆண்டு வரிசையில் மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு, "இதை இரண்டு வருஷம் முன்பே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லாததும் கோபம் அன்று. அந்நோயில் முகத்தின் தசைகளும் இறுகிப்போகும் என்று விளக்கினார்.

1960ஆம் ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்த லெவோடோப்பா என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். அதைப் பற்றி ஒரு செய்தி. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலி என்னும் கொடியை நீங்கள் அறிவீர்கள். அதன் சுணை பட்டால் தினவு பிடுங்கும். அந்தப் பூனைக்காலி விதையில் இந்த லெவோடோப்பா என்ற பொருள் இருப்பதைச் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் 1937ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டுவிட்டு யாரும் வேலியில் விதை பறித்துப் பொடிக்கவேண்டாம். அளவு தவறினால் தீங்கு விளையும். மருத்துவர் தரும் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் தீங்கு.

மருந்து நோயைப் போக்கிவிடாது. ஆனால் நாளின் சில மணி நேரத்தைத் திருப்பித் தரும். மாத்திரை உண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பின் மாமாவின் கை தளர்ந்து கொடுக்கும். அப்பொழுது உட்கார்ந்து எழுதுவார். மருத்துவர் இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்தார். சிறு பிள்ளைகள் எழுதிப் பழகும் இரட்டைக்கோடு நோட்டு ஒன்று வாங்கி, மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் தொடும்படி எழுதச் சொன்னார். கோடு இல்லாத காகிதத்தில் சுருங்கும் எழுத்து, கண்முன் கோடு இருந்தால் பெருமளவுக்குத் தன் உயரத்தைக் காத்துக்கொள்கிறது. உள்ளேயிருந்து கிடைக்காத அளவை வெளியேயிருந்து வாங்கிக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். எழுபது வயதுக் கணக்குப்பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு நோட்டு! மாமா முதலில் அதைத் தொடவே மறுத்தார். பேரனும் அவரும் ஒரே நாளில் ஆளுக்கொரு நோட்டு வாங்கிய பிறகே எழுதச் சம்மதித்தார்.

கையெழுத்தைப் பார்த்தே நோயைத் தீர்மானித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது மருத்துவரின் வேலை. எழுத்து சுருங்கியவரெல்லாம் நடுக்குவாதக்காரர் அல்லர்; சிலருக்குச் சில மருந்துகளாலேயே கை நடுங்கும், கழுத்துச் சுரப்பி மிகைப்பட்டாலும் நடுங்கும். எழுத்தின் வடிவம் நன்றாகவே இருந்து, சொற்கள் விட்டுப்போவதும், எழுதினதையே மறுபடி எழுதுவதும், தெரிந்த பெயரில் எழுத்துப் பிழை வருவதும் நினைவாற்றல் தளர்வதைக் காட்டலாம். நேற்று ஒழுங்காக எழுதியவர் இன்று காலையில் கோணலாக எழுதுகிறார், அல்லது எழுதவே இயலவில்லை என்றால், அது முதுமையும் அன்று, நடுக்குவாதமும் அன்று. மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பாக இருக்கலாம். ஒரு நாழிகையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மெல்ல மாறுவதைக் கண்டறிய, பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். தனியாக ஒரு கடிதத்தைப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. தினமும் அருகிலிருப்பவர்களுக்கும் புலப்படாது. தூரத்திலிருக்கும் நமக்குத்தான், கட்டு நம்மிடம் இருப்பதால், புலப்படக்கூடும். பாறசாலைப் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இத்தகைய அசைவு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இன்று இருக்கிறது.

கையெழுத்து மாறினால் கடிதத்துக்கு மட்டும் இடையூறு அன்று, சொத்துக்கும் இடையூறு. மாமாவுக்கு அது நேர்ந்தது. அவருக்குக் கணக்கிருந்த ஒரு பாங்கில் மலையாளத்தில் கையொப்பமிட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தார். நோய் வந்த பின், அந்தக் கூட்டெழுத்துக் கையொப்பம் புழுப்போலச் சுருங்கிற்று. காசோலை திரும்பி வந்தது. அடுத்த முறை, தமிழில் பெரிதாக எழுத வருகிறதே என்று தமிழில் ஒப்பமிட்டார். அதுவும் திரும்பிற்று. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞர் மை ஒற்றும் பெட்டியை நகர்த்தி, "விரலை வையுங்கள்" என்று சொன்னாராம். மாமா விரலை வைக்கவில்லை. பணத்தையும் வாங்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். மாமி கேட்டதற்கு, "எழுத்தறியாதவனாகச் சாகமாட்டேன்" என்று மட்டும் சொன்னாராம்.

விரல் ரேகையில் இழிவு ஒன்றும் இல்லை. 1858ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கைச் சுவட்டைப் பதிப்பித்ததிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அதற்கென அலுவலகமே அமைந்தது. ரேகையின் அமைப்பு வயதால் மாறுவதில்லை. என்றாலும், நம் நாட்டில் 'கைநாட்டு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் ஏறிவிட்டது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆறாம் வயதில் மணலில் விரல் தேய எழுதிக் கற்றவரிடம் எழுபதாம் வயதில் அந்த விரலை மையில் தோய்க்கச் சொல்வது சிறு காரியம் அன்று. தவிர, ரேகையும் தேயும். தறியில் நூலை இழுத்த விரலிலும், ரப்பர் வெட்டிய விரலிலும், செங்கல் சூளையில் மண் பிசைந்த விரலிலும் ரேகை மழுங்கியிருப்பதைக் காணலாம். 2014ஆம் ஆண்டில் பென்ஷன்காரர்களுக்கு விரல் வைத்து உயிர்ச்சான்று தரும் முறை வந்தபோது, முதியோர் சிலரின் விரலை இயந்திரம் ஏற்காமல் திண்டாடினார்கள். 2021ஆம் ஆண்டில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழியும் வந்தது.

விதி என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்து வைத்திருந்தால் மாமாவுக்கு அந்த நாள் நேர்ந்திராது. கையெழுத்து மாறிவிட்ட வாடிக்கையாளர் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். மாற்றம் தொடங்கும்போதே, கை ஓரளவு நன்றாக இருக்கும் நாளில், கணக்குப் புத்தகத்தோடும் அடையாளச் சீட்டோடும் சென்று இதைச் செய்துவிடவேண்டும். கையொப்பமே இட இயலாத நிலை வந்தால், ரிசர்வ் வங்கியின் அறிவுரைப்படி, கைப்பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ போதும். பாங்குக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டவேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான பாங்கு அதிகாரியாக இருக்கவேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஒரு குறி இட்டாலும் செல்லும். உயில் எழுதுவோருக்கும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இடம் தருகிறது. கையொப்பமோ குறியோ இட்டு, இருவரேனும் சாட்சியிட்டால் உயில் நிற்கும். நடுங்கிய கையெழுத்து என்பதனாலேயே ஒரு பத்திரம் பொய்ப் பத்திரம் ஆகிவிடாது. கையெழுத்து நிபுணர்கள் பார்ப்பதும் அதுவே. போலி எழுதுகிறவன் பார்த்துப் பார்த்து மெல்ல வரைவதால் அவனுடைய கோடும் நடுங்கும். ஆனால் கிழவரின் நடுக்கத்தில் இடையிடையே பழைய ஓட்டம் தலைகாட்டும். அவர் கவலையற்று எழுதுகிறார். போலியின் நடுக்கத்தில் கவலையே முழுவதும். ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்துக் கையெழுத்து வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஆதாரத்தில் உள்ள ஒப்பத்தோடு நேற்றைய ஒப்பத்தை ஒப்பிட்டு ஒருவரைக் குற்றம் சொல்வது முறையாகாது. இதற்காகவாவது ஆண்டுக்கு ஒரு பக்கம் அவர்களை எழுதச் சொல்லித் தேதியிட்டு வைப்பது நல்லது. இரண்டு மொழியில் எழுதுகிறவரானால் இரண்டிலும் எழுதட்டும். "என்ன எழுதட்டும்?" என்று கேட்பார்கள். கடைக்குச் சாமான் எழுதச் சொல்லுங்கள். தம் உடன்பிறந்தார் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். சோதனை என்று தெரிந்தால் யாரும் இயல்பாக எழுதமாட்டார்கள்.

மாமாவின் பாங்கு விவகாரம் பின்னர் தீர்ந்தது. பாங்கு மேலாளரே வீட்டுக்கு வந்து புதிய மாதிரிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அன்று காலை மாத்திரை உண்டு, நேரம் பார்த்துக் காத்திருந்து, இரட்டைக்கோட்டின் நடுவில், தமிழில் பெயரையும் அதன்கீழ் மலையாளத்தில் பெயரையும் மாமா எழுதினார். ஒப்பத்தின் அருகே பெருவிரலுக்கென்று விட்டிருந்த கட்டத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்து அடைத்துவிட்டார். கணக்குப்பிள்ளைமார் வெறும் இடத்தை அடைப்பது அப்படித்தான்.

அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் எனக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் அந்த நோட்டிலிருந்து கிழித்த தாள்களில். எழுத்து ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்தது உண்மை. நானும் இம்முறை வரிகளோடு எழுத்தையும் படித்துக்கொண்டு வந்தேன். எழுத்து சிறுக்கும்போதெல்லாம் மாமிக்கு எழுதி, மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டு வரச் சொல்வேன். கடைசிக் கடிதம் 1999ஆம் ஆண்டு பொங்கலுக்குச் சில நாள் முன்பு வந்தது. ஆறே வரி. இந்த வருஷம் நல்லமிளகு மோசம் என்றும், வரிக்கைச் சக்கை முன்னாடியே பிஞ்சு விட்டிருக்கிறது என்றும், மேற்கு மூலையில் தென்னை ஒன்று பட்டுப்போயிற்று என்றும் எழுதியிருந்தார். 'தென்னை' என்ற சொல் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. கொம்பை உயர்த்துவதற்கு அவருக்கு இரண்டு இழுப்பு வேண்டியிருந்திருக்கிறது. நடுவில் பேனா நின்ற இடத்தில் ஒரு மைப்புள்ளி இருக்கிறது.